வீக்கம் வடிந்த பிறகு

எக்ஸ்ரே எடுப்பதுதான் என் பிழைப்பு. உடைந்த எலும்பு என் கண்ணுக்குத் தப்பாது. தம்பி விட்ட குத்தில் அவன் பெண்டாட்டியின் இடது கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. அழுத்திப் பார்த்தேன். கன்னத்து மேட்டிலிருந்து காதுவரை கூஜாவின் கைப்பிடிபோல ஓர் எலும்பு வளைந்து போகும். அதன் நடுவில் என் விரல் பொதக்கென்று இறங்கியது.

"ஒடைஞ்சிருக்கா அண்ணி? மேலுதடு மரத்துக் கெடக்கு. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?"

"ஒடையறதுக்கு நீ என்ன கண்ணாடியா? வீக்கம் வடிஞ்சா எல்லாம் சரியாப்போயிடும்."

ஆஸ்பத்திரியில் யார் அடித்தது என்று கேட்பார்கள். போலீஸ் வரும், தம்பி கம்பி எண்ணுவான். காதுக்கு மேலே முடிக்குள் சின்னதாகக் கீறி, கம்பியை விட்டு நெம்பினால் அந்த எலும்பு தன் இடத்துக்கு வந்துவிடும். இரண்டு வாரம் தாண்டினால் உள்வாங்கினபடியே ஒட்டிக்கொள்ளும். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தால் என்ன? எனக்கு என் தம்பிதான் முக்கியம்.

நானே தினமும் ஐஸ் வைத்தேன். வீக்கம் வடிய வடிய அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "உங்களுது ராசியான கை அண்ணி" என்று என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பைத்தியம்!

முழுதாக வடிந்தபோதுதான் பள்ளம் தெரிந்தது. வாயையும் ஒரு விரல் நுழையும் அளவுக்குமேல் திறக்க முடியவில்லை. உள்ளே போன எலும்பு தாடையை மறித்துக்கொண்டு நின்றது. கண்ணாடி முன்னால் நின்று விரலை நுழைத்து நுழைத்துப் பார்த்தாள்.

காயத்தின் தடம்தான் போய்விட்டதே, இனி யார் என்ன கேட்கப்போகிறார்கள்? நானே டாக்டரிடம் கூட்டிப்போனேன். பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள் என்றேன்.

"ஏம்மா இவ்வளவு லேட்டு? கோணலா ஒட்டிடுச்சு. மறுபடி ஒடைச்சுத்தான் சரி பண்ணணும்" என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில் பல்லுக்கிடையில் கேட்டாள். "உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா அண்ணி?"

"தெரியும். பேசாம வா."

தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டான்.

"மறுபடி ஒடைக்கணும், அவ்வளவுதானே? அதுக்கு எதுக்கு டாக்டரு? நானே ஒடைச்சு விடறேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குடித்த தண்ணீர் புரையேறும்வரை சிரித்தேன். அவள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். இரண்டு கையாலும் இன்னும் உடையாத வலது கன்னத்தை மூடிக்கொண்டாள்.