அந்த ஷூ போட்டவர்களுக்கு மட்டும்

ஷூக் கடை வாசலில் காவலாளி ஒவ்வொருவர் காலையும் குனிந்து பார்த்த பிறகுதான் உள்ளே விட்டான். அன்று கடைக்கு வந்திருந்த கூடைப்பந்து வீரர் விளம்பரத்தில் போட்டு வரும் ஷூவைப் போட்டவர்களுக்கு மட்டும்தான் அவரைச் சந்திக்க அனுமதியாம். எலக்ட்ரீஷியன் அக்கா தன் மகளின் ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டு நின்றாள். வாங்கிய வாரமே அடிப்பாகம் வாயைப் பிளந்து, ஆட்டத்தின் நடுவே மகள் விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாளே, அதே ஷூ. மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தாள்.

"என்னக்கா இது கோலம்?" என்றான் காவலாளி.

"அதே கம்பெனிதானே? வழிய விடு."

அந்த வீரரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவள்தான் இவளும். அவர் தோற்ற அன்று வீட்டில் அடுப்பு எரியாது.

உள்ளே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த வீரர் நிமிராமலே பேனாவை எடுத்தார். "பேரு சொல்லுங்க."

"இதப் போட்டுத்தான் ஆடுறேன்னு டிவியில சொன்னீங்களே சார். நம்பி வாங்கி எம்பொண்ணு காலு போச்சு."

"அதெல்லாம் கம்பெனில கேளுங்கம்மா. அடுத்து யாரு?"

அவளுக்கு உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறியது. ஷூவைக் கழற்றி மேசைமேல் வைக்கக் குனிந்தாள். மேசை விரிப்புக்குக் கீழே அவர் கால்கள் தெரிந்தன. போட்டிருந்தது வேறு கம்பெனி ஷூ.

விரிப்பைச் சரக்கென்று தூக்கிப் பிடித்து, வாசல்வரை கேட்கக் கத்தினாள்.

"வாசல்ல நிக்கிற தம்பி! எல்லார் காலையும் பார்த்தியே, இந்த ஆள மட்டும் எப்படிப்பா உள்ள விட்ட?"