றஞ்சிதத்தின் சுகமான கண்கள்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் பக்கம் வடிவமைக்கும் கொன்ஸ்ரன்ஸ், கன்ரீனில் ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரத்தில் சொல்லி முடித்தாள். சொல்லிவிட்டு ஒரு நிபந்தனையும் போட்டாள்.

"எழுதுங்கோ அண்ணை. ஆனா அப்பாவை வில்லனாக்காதேங்கோ. நல்லவராக்கவும் வேண்டாம், அது இன்னும் பெரிய பொய்."

இரண்டையும் தடுத்துவிட்டால் எழுதுகிறவனுக்கு மிஞ்சுவது விசாரிக்கிற வேலைதான். விசாரித்தேன். பிறகு தொடங்கினேன்.

முதல் தொடக்கம்: "வெள்ளவத்தைக் கடலில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தபோது செல்லையா முழந்தாளிட்டு..."

வேண்டாம். கடலுக்கு இந்தக் கதையில் வேலையில்லை. அவர்களுடைய ஃபிளட்டிலிருந்து தெரிவது பக்கத்து ஃபிளட்டின் சமையலறை.

இரண்டாவது: "விசுவாசம் என்பது..."

இப்படித் தொடங்கும் வாக்கியத்தை முடிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் போதகர்களாகிவிட்டார்கள்.

மூன்றாவது: கொன்ஸ்ரன்ஸின் அப்பா செல்லையா கொழும்புப் புறக்கோட்டையில் குளியலறைச் சாமான் கடையொன்றில் விற்பனையாளர். எந்தக் குழாயைக் கேட்டாலும் "இருக்கு" என்பார். சரக்கு அப்போது கப்பலில்கூட ஏறியிருக்காது. பெரும்பாலும் வந்து சேர்ந்துவிடும்.

இதை வைத்துக்கொள்கிறேன்.

2

செல்லையா கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கராகப் பிறந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு வெள்ளவத்தைக்கு வந்து, காலி வீதியில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் கூடும் சபையில் சேர்ந்தார். வீட்டிலிருந்த புனிதர் சுரூபங்கள் போயின, இடுப்பில் கட்டும் சங்கு மார்க் சாரமும் வெள்ளிக்கிழமை மரக்கறியும் மட்டும் தங்கின.

வீட்டில் அவர் யாரையும் ஏசுவதில்லை. ஜெபிப்பார். இரவுச் சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டதும், அன்றைய முறைப்பாடுகள் பரலோகத்துக்குப் போகும்.

"தகப்பனே, உம்முடைய பிள்ளை கொன்ஸ்ரன்ஸ் நேற்று வீட்டுக்கு வந்த நேரத்தை நீர் அறிவீர். அவளைக் கொண்டுவந்து இறக்கின மோட்டார் சைக்கிளின் நம்பரையும் நீர் அறிவீர்."

கிருலப்பனையிலிருந்து தன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதையும் கொன்ஸ்ரன்ஸ் இப்படித்தான் அறிந்துகொண்டாள், ஆண்டவருக்கு அடுத்ததாக. கறியில் புளி கூடியது தொடக்கம் மின்சாரக் கட்டணம் வரை எல்லாம் மேலே அறிவிக்கப்பட்டது.*

* பதில் சொல்வதுதானே என்று கேட்டேன். "கண்ணை மூடிக்கொண்டு கடவுளோட கதைக்கிற ஆளோட எப்பிடி அண்ணை சண்டை பிடிக்கிறது?" என்றாள்.

3

றஞ்சிதம் அவருடைய மனைவி. இரண்டு கண்ணிலும் புரை. சபையில் உபவாச ஜெபம் வைத்து, போதகர் கண் இமைகளில் எண்ணெய் தொட்டு வைத்தார். மறுநாள் காலை, இன்றைக்குக் கொஞ்சம் பரவாயில்லை என்றார் றஞ்சிதம். அன்று மழை மூட்டம், வெளிச்சம் கூசவில்லை. அவ்வளவுதான்.

செல்லையாவுக்குச் சரக்கு வந்து இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரத்தில் மைக்கைப் பிடித்து, தன் மனைவி கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்கிறாள் என்று அறிவித்தார். சபை கைதட்டியது. வீடியோ பேஸ்புக்கில் ஏறியது. ரொறன்ரோவிலிருந்து மைத்துனர் அழுதுகொண்டே கோல் எடுத்தார்.

அன்றிலிருந்து றஞ்சிதத்துக்குக் கண் தெரியாமல் இருக்க அனுமதி இல்லை.

புடவைக்கடை வாசலில் சேலை உடுத்தி நின்ற பொம்மைக்கு "ஸ்தோத்திரம் சிஸ்டர்" சொன்னார். பதில் வராததால், அந்த சிஸ்டருக்குத் தன்மேல் என்ன மனவருத்தமோ என்று ஒரு கிழமை யோசித்தார். மேல்மாடியில் வேதப் பகுதி வாசிக்கக் கூப்பிட்டபோது, திறந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டே மனப்பாடமான வேறொரு பகுதியை ஒப்புவித்தார். இது தேவன் செய்த மாற்றம் என்று போதகர் அன்றைய பிரசங்கத்தையே மாற்றிக்கொண்டார்.

(இங்கே வாசகர் சிரிக்கலாம். நானும் சிரித்தேன். கொன்ஸ்ரன்ஸ் நான் சிரித்து முடியும்வரை காத்திருந்து, அடுத்ததைச் சொன்னாள்.)

மார்க்கெட்டுக்கு முன்னால் றஞ்சிதம் வீதியில் இறங்கினார். தெஹிவளைப் பக்கமிருந்து வந்த பஸ்ஸை அவர் காணவில்லை. இளநீர் விற்கும் மனிதர் "அம்மே" என்று கத்திக் கையைப் பிடித்து இழுத்ததால் தப்பினார். கொன்ஸ்ரன்ஸ் மறுநாளே அப்பாவுக்குச் சொல்லாமல் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். புரை முற்றிவிட்டது, இனியும் தள்ளிப்போட்டால் போகிற பார்வை திரும்பி வராது என்றார் டொக்டர். வியாழக்கிழமை ஒப்பரேஷன் என்று நாள் குறித்தார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது றஞ்சிதம் போகமாட்டேன் என்றுவிட்டார்.

"இவர் மைக்கில சொன்னதை நான் ஒளிச்சுப் போய்ப் பொய்யாக்கேலாது, பிள்ளை."

4

இந்த இடத்தில் செல்லையாவை ஒரு போலியாக எழுதினேன். இரண்டு பக்கம், நன்றாகவே வந்தது. சபையில் பெயர் வாங்க மனைவியின் கண்ணை விற்றவர் என்ற வரியில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கொன்ஸ்ரன்ஸ் வாசித்துவிட்டுத் தாள்களைத் திருப்பித் தந்தாள்.

"மீன் எங்க?"

எந்த மீன்?

சாப்பாட்டு மேசையில் செல்லையா மீனை எடுத்து, முள்ளை ஒவ்வொன்றாகக் கழற்றி, வெறும் சதையை மனைவியின் சோற்றுக் கோப்பையில் வைப்பாராம். புரை தொடங்கிய காலத்திலிருந்து செய்கிறார். சாட்சி சொன்ன ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் செய்தார். அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

"ஊசியில நூல் கோக்கிற மனுசிக்கு எதுக்கு அண்ணை முள் எடுக்கிறார்?"

செல்லையாவின் விரல்கள் ஒரு சபை, வாய் இன்னொரு சபை என்று எழுதிப் பார்த்தேன். அழகாக இருக்கிறது, ஆனால் விளக்கம் ஆகாது. போலியான செல்லையாவை வெட்டிவிட்டேன். அந்த இடம் வெறுமையாகவே கிடக்கட்டும்.

[ ]

5

புதன்கிழமை இரவுச் சாப்பாடு. இடியப்பம், சம்பல், சொதி. ஆஸ்பத்திரி விஷயம் எப்படியோ செல்லையாவின் காதுக்கு வந்துவிட்டது. ஜெபம் வழமையைவிட நீண்டது. தனக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரிப் படி ஏறிய கால்களை மன்னிக்கும்படி கேட்டார். மனுஷருடைய கத்தியில் நம்பிக்கை வைப்பவர்களைத் தடுக்கும்படி கேட்டார். அடியேனுடைய சாட்சியை வெட்கப்படுத்தாதேயும் என்று சொல்லி, மூச்சு எடுக்க நிறுத்தினார்.

அந்த இடைவெளியில் றஞ்சிதம் வாய் திறந்தார். அந்த வீட்டில் அவர் சத்தமாக ஜெபித்தது அதுதான் முதல் தடவை.

"ஆண்டவரே, இது றஞ்சிதம். இவரின்ட மனுசி. எனக்கு இவரைப் போல வடிவாக் கேக்கத் தெரியாது. நீர் சுகம் தந்திட்டீர் எண்டு இவர் சொன்னவர். எல்லாரும் கை தட்டினவை. நீர் இன்னும் தரேல்ல எண்டு உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் உம்மை அவசரப்படுத்த வரேல்ல."

செல்லையாவின் கதிரை கிறீச்சிட்டது. ஆனால் ஜெபத்தை இடைமறிக்கக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

"இவரின்ட முகம் இருக்கிற இடத்தில எனக்கு ஒரு வெள்ளைத் துணிதான் தெரியுது. குரலை வச்சுத்தான் இவர் எண்டு பிடிக்கிறன். சாட்சி சொன்னது இவர். அதால இவர்தான் என்னைக் கையைப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும். நாளைக்கு விடிய வெள்ளன. இதைத்தான் கேக்கிறன், பிதாவே."

அத்துடன் நிறுத்திவிட்டார். ஆமென் சொல்லவில்லை.

6

அந்தச் சபையின் வழக்கம் தெரியாதவர்களுக்கு: ஒருவர் ஜெபித்தால் கேட்டவர்கள் ஆமென் சொல்லவேண்டும். சொன்னால் சம்மதம். செல்லையா இதில் தாராளமானவர். வாகனம் நிறுத்துவது பற்றிய அறிவித்தலுக்கே ஆமென் சொல்பவர். இப்போது சொன்னால், வியாழக்கிழமை ஆஸ்பத்திரி வரிசையிலும் ஞாயிற்றுக்கிழமை, முந்திச் சொன்னதைத் திருத்த, மைக்குக்கு முன்னாலும் நிற்கவேண்டும். சொல்லாவிட்டால், தன் மேசையிலேயே ஒரு ஜெபத்தை அந்தரத்தில் விடவேண்டும்.

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

செல்லையா ஆமென் சொல்கிறார். ஒப்பரேஷன் நடக்கிறது. தேவன் டொக்டர் மூலமாகச் சுகம் தந்தார் என்று புதிய சாட்சி. போதகருக்கும் பிடிக்கும். நடக்கக்கூடியதும்கூட. ஆனால் இதில் செல்லையா எதையும் இழக்கவில்லை, பழைய வீடியோவும் பேஸ்புக்கில் அப்படியே இருக்கிறது.

அவர் சொல்லவில்லை. றஞ்சிதம் மெல்ல மெல்ல... இல்லை. இலக்கிய இதழ்களுக்கு இது பிடிக்கும் என்பதற்காக ஒரு மனுசியின் கண்ணைக் குருடாக்க என்னால் முடியாது.

கொன்ஸ்ரன்ஸ் சொல்கிறாள். இதை அவளே தள்ளிவிட்டாள். "என்ட ஆமென் அந்த வீட்டில செல்லாது அண்ணை."

அப்படியென்றால் உண்மையில் என்ன நடந்தது என்று கேட்டேன். கன்ரீனில் அவள் தேத்தண்ணியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

"அது எங்கட வீடு அண்ணை. அதை மட்டும் விடுங்கோ."

விட்டுவிட்டேன். மேசையைச் சுற்றி மூன்று பேர் கண்களை மூடிக்கொண்டிருக்கிறார்கள். செல்லையாவின் உதடுகள் பிரிந்திருக்கின்றன. ஜெபித்தவர் முடித்துவிட்டார், இனிக் கேட்டவர்களுடைய முறை. கேட்டவர்களில் நீங்களும் ஒருவர். ஆமென் சொல்வதென்றால் கொஞ்சம் உரத்துச் சொல்லுங்கள், சொதி ஆறுகிறது.