கனத்த பக்கம் இல்லாத ராட்டை

தறிக்காரர் பட்டறையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சுற்ற ஆரம்பித்த ராட்டை அதன் பிறகு நிற்கவே இல்லை. அன்றைக்குக் காற்று இல்லை. மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கையால் ஒரே ஒரு தடவை தள்ளிவிட்டதோடு சரி. தள்ளியவள் அவருடைய மனைவி. அவர் தறிகளும் ராட்டைக்கு வேண்டிய அச்சும் நூல் சுற்றிக்கொள்ளும் கதிரும் செய்வார், அவள் சக்கரம் மட்டும் செய்வாள். அதனால் தெருவில் அவளுக்குச் சக்கரக்காரி என்றே பேர் நிலைத்துவிட்டது. தள்ளிவிட்டு, ஓயட்டும் பார்க்கலாம் என்று இடுப்பில் கை வைத்து நின்றாள். மத்தியானம் வரை நின்றாள். பிறகு ஒரு முக்காலி இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

எந்தச் சக்கரத்துக்கும் ஒரு கனத்த பக்கம் உண்டு. மரத்தில் ஒரு கணு இருக்கும், ஒட்டுப் போட்ட இடத்தில் பசை கொஞ்சம் கூடியிருக்கும். சுழன்று ஓய்ந்தால் அந்தப் பக்கம்தான் கீழே வந்து நிற்கும். அதைக் கண்டுபிடித்துச் சரி செய்வதுதான் பட்டறையின் கடைசி வேலை. அவள் என்றால் கனத்த பக்கத்தை இழைத்து எடுப்பாள், அவர் என்றால் எதிர்ப்பக்கத்தில் ஒரு ஈயத் துண்டைப் பதித்துவிடுவார். யார் செய்தாலும் மற்றவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது வழக்கம். அந்த வாரம் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. பட்டறையைப் பத்து நாள் பூட்டிவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போய்ச் சும்மா படுத்துக்கிடந்துவிட்டு வரலாம் என்று அவள் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் அவளைக் கேட்காமல் ஒரு நெசவுப் பள்ளிக்குப் புதுத் தறிகள் செய்து தருவதாக ஒப்புக்கொண்டு வந்துவிட்டார். அவள் "சரி" என்றாள், அத்தோடு வாயை மூடிக்கொண்டாள். ஆகவே ஒரே சக்கரத்தை அவள் காலையில் இழைத்தாள், அது தெரியாமல் அவர் சாயங்காலம் ஈயம் வைத்தார். கணக்குப்படி பார்த்தால் சக்கரம் மறுபக்கம் சாய்ந்திருக்க வேண்டும். சாயவில்லை. கனத்த பக்கமே இல்லாமல் போய்விட்டது. நிற்பதற்கு இடம் இல்லாத சக்கரம் எப்படி நிற்கும், இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று பக்கத்துப் பூட்டுக்கடைக்காரர் கேட்டார். 

நிறுத்துவதற்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துபார்த்தார்கள். சக்கரத்தையும் கதிரையும் இணைக்கும் கயிற்றை அறுத்தார்கள், கயிறு இல்லாமலே கதிர் சுற்றியது. சக்கரத்தைக் கழற்றித் தரையில் வைத்தார்கள், அது வாசலைத் தாண்டி உருண்டு, தெருமுனையில் திரும்பத் தெரியாமல் சலவைக்கடைக்குள் புகுந்தது. தூக்கி வந்து மறுபடி மாட்டினார்கள். தறிக்காரர் கோடாலியை ஓங்கினார். கோடாலி விளிம்பில் பட்டதும் அதன் வாயிலிருந்து மெல்லிய இரும்புக் கம்பி இழை இழையாகக் கதிரில் சுற்றிக்கொண்டது. கைப்பிடி மட்டும் அவர் கையில் மிஞ்சியது. அந்தக் கம்பியைப் பூட்டுக்கடைக்காரர் வாங்கிக்கொண்டார், நல்ல கம்பி என்றார்.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. ராட்டைக்குப் பஞ்சுத் திரி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பக்கத்தில் எது இருக்கிறதோ அதை நூற்றுவிடும். கொடியில் தொங்கிய துண்டு போயிற்று, பூனையின் முதுகில் பாதி ரோமம் போயிற்று, சுவரிலிருந்த நீலம் போயிற்று. கூலிக்கு அமர்த்திய ஆட்கள் ஒரு நாள் இருந்தார்கள், சட்டைக்கையும் மீசையும் இல்லாமல் வீடு திரும்பினார்கள், மறுநாள் வரவில்லை. கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும்தான் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருவர் ராட்டையில் உட்கார்ந்தால் மற்றவர் தறி வேலை, சமையல், தூக்கம். வருஷங்கள் அப்படிப் போயின. தொழில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. தறி வாங்குகிறவர்களுக்கு நூல் இனாம் என்றதும் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டதில்லை, ஒரே நேரத்தில் தூங்கியதில்லை. சக்கரக்காரிக்கு அசதி எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. உளியை வைத்தால் எங்கே வைத்தோம் என்று தெரியாது. கண்ணாடியில் பார்த்தால், யாரோ நம்மைப்போலவே களைத்த பொம்பளை என்று நினைத்து நகர்ந்து வழிவிடுவாள்.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறு ஒன்று. முதல் வருஷத்திலேயே ராட்டைக்குப் பேச்சின் ருசி பிடித்துவிட்டது. திரி இருந்தாலும், பட்டறைக்குள் யார் பேசினாலும், அந்தப் பேச்சின் வாலைப் பிடித்து இழுத்து நூலாக்கிவிடும். வினைச்சொல் வாலில் வருகிற பாஷையில் இது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. வந்தானா போனானா, வேண்டுமா வேண்டாமா, எதுவும் தெரியாது. ஒரு நாள் முறை மாற்றும்போது தறிக்காரர் அவள் தோளருகே குனிந்து, "அடுத்த மாசம் உன் தங்கச்சி வீட்டுக்குப் போக" என்றார். அதற்கு மேலும் அவர் உதடு அசைந்தது. மிச்சம் கதிரில் சுற்றிக்கொண்டது. போகலாம் என்றாரா, போக முடியாது என்றாரா? என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள், அவருக்கு "என்ன" மட்டும் போய்ச் சேர்ந்தது. ஒன்றுமில்லை என்பதுபோல் கையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வாசலிலிருந்து கத்தினாலும் போனில் பேசினாலும் அதே கதிதான், கேட்கிறவர் ராட்டை அருகே இருக்கிறாரே. எழுதிக் கேட்டால் என்ன என்றார் தெருவில் பார்த்த பூட்டுக்கடைக்காரர். கட்டின புருஷனிடம் மனுப் போடச் சொல்கிறீர்களா என்று அவள் கேட்டாள்.

அந்த நூலைக் கொண்டுபோன நெசவாளி சில மாதம் கழித்து ஒரு குறையோடு வந்தார். துவைத்துப் பிழிந்தால் துண்டுகள் முனகுகின்றனவாம். சக்கரக்காரி தன் தூக்க நேரத்தை விட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போய், ஒவ்வொரு துண்டாக நனைத்துப் பிழிந்து காதில் வைத்துக் கேட்டாள். ஒன்று "லாம்" என்றது, ஒன்று "மாட்டேன்" என்றது, ஒன்று "முடியாது" என்று இரண்டு தடவை சொன்னது. அவள் புருஷனின் வால் எது, கடனுக்குத் தறி கேட்டு வந்தவனுக்குச் சொன்ன வால் எது என்று எப்படிப் பிரிப்பது? கை விரல்கள் ஊறிப்போய்த் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு அவள் எவரிடமும் எதுவும் கேட்கவில்லை.

தறிக்காரரின் அக்கா வந்தது இதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து. அவள் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள் என்பதால் எந்த உறவினர் வீட்டிலும் இரண்டு நாளுக்கு மேல் தங்க முடிந்ததில்லை. பையைக் கீழே வைத்த கையோடு தம்பி மனைவியிடம் தொடங்கினாள்: "வந்ததும் வராததுமா வாயத் தொறந்துட்டு, பஸ்ல பக்கத்துல ஒருத்தி உக்காந்துட்டு, மருமகளைப் பத்திச் சொல்லிட்டு, நானும் கேட்டுட்டு, அவ பாதியில எறங்கிட்டு, பார்த்தா என் பைய அவ தூக்கிட்டு, அவ பைய நான் சுமந்துட்டு..." ராட்டை வாலுக்காகக் காத்திருந்தது. வால் வரவில்லை. 'ட்டு'வுக்குப் பின்னால் இன்னொரு 'ட்டு' வந்தது. வால் எப்போது வரும் என்று ராட்டை அவள் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போக, முடிச்சே இல்லாத அருமையான நூல் கதிரில் ஏறியது. சக்கரக்காரியின் கையிலிருந்த திரி அப்படியே இருந்தது, தறிக்காரரும் வேலையை விட்டு வந்து பார்த்தார். அக்கா முக்காலியில் வசதியாக உட்கார்ந்துகொண்டாள். குறுக்கே பேசாமல் தன்னைக் கேட்டது உலகத்தில் இது ஒன்றுதான் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். போங்கள் போங்கள் என்று இரண்டு பேருக்கும் கையைக் காட்டினாள்.

இருவரும் ஒன்றாக வாசலைத் தாண்டினார்கள். சலவைக்கடை வரை பழக்கத்தில் ஆளுக்கொரு ஓரமாக நடந்தார்கள். பிறகு அவள்தான் கேட்டாள், கேள்வி முழுசாக வந்தது.

"அன்னிக்கு என்னங்க சொன்னீங்க? தங்கச்சி வீட்டுக்குப் போக...ன்னு ஆரம்பிச்சீங்களே."

அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "போகலாம்னு சொன்னேன். ஆர்டர் கெடக்குது கழுத, போகலாம்னேன். நீ என்னன்னு மட்டும் கேட்டுட்டு எழுந்து போயிட்ட. சரி, இவளுக்கே ஆசை விட்டுப்போச்சுன்னு இருந்துட்டேன்."

"எனக்குப் 'போக' வரைக்குந்தான் கேட்டுச்சு."

"மிச்சத்த நீயே போட்டுக்கிட்டியாக்கும்?"

"ஆமா. முடியாதுன்னு போட்டுக்கிட்டேன்."

"ஏன், லாம்னு போட்டா கொறஞ்சா போயிடும்?"

"உங்களோட இத்தன வருஷம் குடித்தனம் பண்ணினவளுக்கு அப்படிப் போட வருமா?"

அவர் பஸ் நிறுத்தத்துப் பக்கம் திரும்பி நடந்தார். அவள் தனக்குள் தேடிப்பார்த்தாள். கோபம் இருக்கும் என்று நினைத்த இடத்தில் கோபம் இல்லை, சந்தோஷமும் இல்லை. இருந்ததெல்லாம் தூக்கம். தங்கை ஊர்ப் பஸ் வந்தது. மாற்றுத் துணி எடுக்கவில்லையே என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டே ஏறினார்கள், டிக்கெட் வாங்கினார்கள், அடுத்த நிறுத்தம் வருவதற்குள் தூங்கிவிட்டார்கள்.

ஊர் வந்தது, கண்டக்டர் எழுப்பினார், எழவில்லை. பஸ் திரும்பியது, மறுபடி போனது. ராட்டைக்காரர்கள் விஷயம் தெரிந்தவராதலால் அவர் அத்தோடு விட்டுவிட்டார். மழைக்காலம் முழுக்க இரண்டு பேரும் அந்தச் சீட்டிலேயே ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். செக்கிங் வந்தபோது, இறங்கும்வரை டிக்கெட் செல்லும் என்று கண்டக்டர் வாதாடி ஜெயித்தார். பின் சீட்டுக்காரர்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். தினமும் வேலைக்குப் போகிற ஒரு நர்ஸ் அவளுக்குத் தலை வாரிவிட்டாள், அவருக்கு வளர்ந்த தாடியை ஒதுக்கிவிட்டாள். ஜன்னலில் சாரல் அடிக்கும்போது யாராவது எட்டிக் கண்ணாடியை ஏற்றுவார்கள்.

ஒரு காலையில் சரியான நிறுத்தத்தில் சக்கரக்காரி கண்ணைத் திறந்தாள், அவரைத் தட்டினாள், இறங்கினார்கள். அவர்கள் கிளம்பிவிட்டதாக அக்கா அன்றைக்கே போனில் சொல்லத் தொடங்கியிருந்தாள். அந்தப் போன் இன்னும் முடியவில்லை. ரிசீவரைத் தோளில் இடுக்கியபடியே தங்கை கதவைத் திறந்தாள்.

"ஏங்க்கா இவ்ளோ நேரம்?"

"பஸ் கொஞ்சம் லேட்டு" என்றாள் சக்கரக்காரி.

இந்தத் தடத்தில் அப்படித்தான் என்று சொல்லித் தங்கை இரண்டு பேருக்கும் ஒன்றாகத் தட்டு வைத்தாள்.