வெட்டிய ஓரம்

மரப்பலகை அச்சுக்காரர் கிசாபுரோ இறந்து நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள், அவர் மனைவி ஷிகேயோ பழைய புத்தகக் கடைத்தெருவான ஜிம்போச்சோவில், பழைய அச்சுப்படங்கள் விற்கும் குரோனுமாவின் கடைக்குப் போனாள். வீட்டில் அவர் அச்சடித்த படம் ஒன்றுகூட இல்லை. அடித்த தாள் அத்தனையும் பதிப்பாளருக்குப் போய்விடும். ஓவியரின் பெயர் படத்துக்குள் இருக்கும். அச்சுக்காரரின் பெயர் ஓரத்து வெள்ளையில் சின்ன முத்திரையாக விழும். அந்தப் பெயர் உள்ள ஒரு தாள் போதும் அவளுக்கு.

'மறுபதிப்பு, மூவாயிரம் யென்' என்று எழுதிய பெட்டியில் அவர் அடித்த 'படகுத்துறைப் பனி' என்ற படம் கிடைத்தது. திருப்பிப் பார்த்தாள். சாயமிட்ட பலகைமேல் தாளை வைத்துத் தேய்க்கும்போது பின்பக்கம் விழும் சுழிகள் எதிர்ப்புறமாகச் சுற்றியிருந்தன. கிசாபுரோ இடக்கைக்காரர்; மறுபதிப்பை அடித்தது வேறு ஆள்.

"இது மறுபதிப்பு இல்லீங்க! எங்க வீட்டுக்காரர் அடிச்ச முதல் பதிப்பு. இந்தச் சுழியைப் பாருங்க!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். குரோனுமா தாளை அவள் கையிலிருந்து பிடுங்கிவிட்டான்.

"முதல் பதிப்பா? அப்ப நாப்பதாயிரம்."

"இப்பதானே மூவாயிரம்னு எழுதியிருந்துச்சு?"

"நீங்கதானே சொன்னீங்க, முதல் பதிப்புன்னு. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்."

"ஓரம் எங்கே? அவர் பேரு அதுலதானே இருக்கும்!"

"வெள்ளத்துல நனைஞ்ச கட்டு. கறை புடிச்சிருந்தது, மொத்தமா வெட்டிட்டேன். அச்சடிச்சவன் பேரை எவன் பாக்குறான்? சுவத்துல மாட்டுறவன் படத்தைத்தான் பாப்பான்."

"ஒவ்வொரு தாளுக்கும் முப்பத்தொரு தடவை சாயம் வச்சுத் தேய்ச்சாரு அந்த மனுஷன்."

"தேய்ச்சதுக்குக் கூலி வாங்கலையா? ஒப்பாரி வைக்கிறதுன்னா வெளியில போய் வைங்கம்மா."

புது விலை எழுத, தகர டப்பாவிலிருந்து ஒரு காகிதத் துண்டை உருவினான். வெட்டிய ஓரங்களைத்தான் விலைச்சீட்டாக வைத்திருந்தான். டப்பாவை ஷிகேயோ தன் பக்கம் இழுத்துக் கிளறினாள். ஆறாவது துண்டில் இருந்தது: 'படகுத்துறைப் பனி. அச்சு – கிசாபுரோ'.

"இது என்ன விலை?"

"அது குப்பை. டப்பாவை வைங்க."

"குப்பைதானே, எடுத்துக்கறேன்." கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

அப்போதுதான் குரோனுமாவுக்கு உறைத்தது. கல்லாவைச் சுற்றி ஓடிவந்தான். "அம்மா, அதைக் குடுங்க! அது இல்லாம இதை முதல் பதிப்புன்னு எவன் நம்புவான்? சரி, மூவாயிரத்துக்கே படத்தை எடுத்துக்கங்க!"

"யாரும் பாக்காத பேரு உங்களுக்கு எதுக்கு? மறுபதிப்புன்னே வித்துக்கோங்க!"

கதவை அறைந்து சாத்திவிட்டுத் தெருவில் இறங்கினாள். அவன் கத்துவது முனை திரும்பும்வரை கேட்டது.