இடது தோள்

என் கணவருடைய தோள்வலியை இங்கிலீஷில் டைப் செய்தவள் நான்தான். போன மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தோட்டத்துத் துரை, அதாவது மேனேஜர், இரண்டு பக்கக் குறிப்பைக் கொண்டுவந்து ஆபீஸில் என் மேசையில் வைத்தார். கொழுந்து வெட்டும் மெஷினைத் தேயிலை நிரைக்கு இரு பக்கமும் இரண்டு பேர் நின்று பிடித்துக்கொண்டு போவார்கள். எஞ்சின் ஒரு பக்கம்தான். மலைச்சரிவில் எஞ்சின் பக்கம் பிடிப்பவனுடைய தோள் சில வருடங்களில் போய்விடுகிறது, இதற்கு என்ன வழி என்று கம்பெனி உலகத்தையே கேட்கப்போகிறதாம். அதற்கென்றே ஓர் இணையத்தளம் இருக்கிறது. கம்பெனிகள் தங்கள் சிக்கலை அதில் போட்டால் எந்தெந்த நாட்டிலோ உட்கார்ந்திருக்கும் நிபுணர்கள் விடை அனுப்புவார்கள். கடைசி வரியில், பணியாளர்களும் அவர்களோடு ஒரே வீட்டில் வசிப்பவர்களும் கலந்துகொள்ள முடியாது என்று இருந்தது.

"ஏன் சார், நம்ம ஆளுங்க அனுப்பக்கூடாதா?" என்று கேட்டேன்.

"வெளியாள் மூளைதான் வேணும் சசிரேகா. உள்ள இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா இந்நேரம் சொல்லியிருப்பாங்க லா."

எங்கள் தோட்டத்தில் வெளியாள் என்றால் செக்ரோலில், அதாவது ஆட்களின் சம்பளப் பதிவேட்டில், பெயர் இல்லாதவன். வேலையை விட்டவன், டவுனுக்குப் போனவன். அவன் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டில் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் தங்கினால் ஆபீஸிலிருந்து கேள்வி வரும், அந்தக் கடிதத்தையும் நான்தான் டைப் செய்வேன். வெளியாளுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உள்ளே இருக்கிறவருக்குத் தெரிந்துதான் இருந்தது. என் கணவர் புவனேஸ்வரன் பதினாறு வருடமாக எஞ்சின் பக்கம் பிடிக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால், உடைப்புக்குப் போன ஒரு காரின் சீட் பெல்ட்டையும் லோரி டியூப் துண்டையும் சேர்த்து ஒரு வார் செய்தார். தோளில் மாட்டி மெஷினின் பிடியில் கோத்தால் பாரம் இடுப்புக்கு இறங்கிவிடும். கால் வழுக்கினால் ஒரு நுனியை இழுத்தால் போதும், மெஷின் தனியாகக் கழன்றுகொள்ளும். நான்கு மாதம் வலியில்லாமல் தூங்கினார். பிறகு பாதுகாப்பு அதிகாரி ஒருவர் சுற்றிப்பார்க்க வந்து, விழுந்தால் மெஷினும் மேலே விழுமே, கழற்று என்றார். இவர் அந்த நுனியைக் காட்ட வாயைத் திறப்பதற்குள் அதிகாரி அடுத்த நிரைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து இவர் வாரைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. "கேட்டா சொல்லுவேன். கேக்காதவனுக்கு எதுக்கு லா சொல்லணும்?" என்பார்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில், இப்படியே போனால் கை தூக்கவே வராது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அவருடைய வீம்பைவிட அவருடைய கை பெரிதாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பிரிஞ்சாங் டவுனுக்குப் போயிருந்தபோது வாரை எடுத்து அளந்தேன், படம் வரைந்தேன், போட்டோ பிடித்தேன். ஈப்போவில் ஏர்கோன் பழுதுபார்க்கும் என் தம்பி ரூபனுக்கு எல்லாவற்றையும் அனுப்பினேன். கம்பெனியே செய்து கொடுத்துவிட்டால் யார் கழற்றச் சொல்லப்போகிறார்கள்?

ரூபன் போன் செய்தான். "அக்கா, மாமா பேரப் போட வேணாமா?"

"போட்டா எடுக்க மாட்டாங்க. நீதான்டா வெளியாள்."

"ஃபார்ம்ல ஒரு கட்டம் இருக்குக்கா. இது முழுக்க என் சொந்த யோசனைன்னு."

"டிக் பண்ணு."

"மாமாகிட்ட சொல்லிட்டியா?"

"ஜெயிச்சா சொல்லிக்கலாம்."

ஜெயித்தது. பதினோரு நாடுகளிலிருந்து வந்த விடைகளில் இதுதான் எளிமையானது என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தைப் படித்து நான் ஆபீஸ் கழிவறையில் போய் அழுதேன், சந்தோஷத்தில்தான். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாள் போனது. கம்பெனி நாற்பது வார்கள் செய்துவிட்டது. செய்துகாட்ட ரூபனையே வரவழைத்துவிட்டார்கள். அதுவரைக்கும் நான் சொல்லவில்லை. பயம், வேறொன்றுமில்லை.

இன்றைக்குக் காலையில் ஃபேக்டரிக்குக் கீழே உள்ள நிரையில் ஆட்கள் கூடியிருந்தார்கள். ரூபன் இஸ்திரி போட்ட சட்டையில், கழுத்தில் அட்டையோடு நின்றான். அனுபவப்பட்டவர் என்று துரை என் கணவரையே முன்னால் கூப்பிட்டார். புது வாரைக் கண்டதும் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரூபன் குனிந்த தலையோடு அவருடைய இடது தோளில் வாரை மாட்டினான்.

மெஷின் பிடிக்கும் கந்தசாமி அண்ணன் கேட்டார். "ஏன் தம்பி இடது தோளு? எஞ்சின் பிடிக்கறவனுக்கு வலதுதானே வாகு?"

ரூபன் என்னைப் பார்த்தான். நான் கீழே பார்த்துக்கொண்டேன்.

"செஞ்சவனுக்கு வலது தோளு போயிருச்சுண்ணே," என்றார் என் கணவர். "அதான்."

எல்லோரும் சிரித்தார்கள். துரையும் சிரித்தார். நாற்பது வாரும் இடது தோளுக்குத்தான் தைத்திருந்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "உன் தம்பி இனிமே இந்த வாசப்படி ஏறக்கூடாது," என்றார். "தீபாவளிக்கு வந்தப்ப எடுத்துப் பாத்தான். அன்னிக்கே திருடிட்டான்." ரூபன் ஈப்போவுக்குத் திரும்பும் வழியில் எனக்கு அனுப்பிய செய்தி போனில் இருந்தது. 'அக்கா நீ சொல்லாத. நான் திருடனாவே இருந்துட்டுப் போறேன்.' அப்படியே விட்டிருக்கலாம். அவன் வெளியாள், எங்கேயோ இருப்பான். நானும் இவரும்தான் இந்த வீட்டில் இருக்க வேண்டும். ஆனால் தாய் இல்லாமல் நான் வளர்த்த பிள்ளை அவன்.

"நான்தாங்க அனுப்புனேன்," என்றேன். "அளந்தது, வரைஞ்சது எல்லாம் நான்தான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. அடுப்பங்கரைக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"கம்பெனிக்காரன் கேக்கல, சரி," என்றார். "நீயும் கேக்கலையே சசி."

கேட்டால் முடியாது என்றிருப்பீர்களே என்று சொல்ல வந்தேன். அவர் முகத்தைப் பார்த்தபோது அது நிச்சயமாகத் தெரியவில்லை. நான் கேட்டிருந்தால் ஒருவேளை கொடுத்திருப்பார்.

வேலைச் சட்டையை அவரால் தனியாகக் கழற்ற முடியாது. தினமும் நான்தான் பின்னாலிருந்து வலது கையை உருவிவிடுவேன். இன்றைக்கு அவரே பொத்தான்களை அவிழ்த்தார். இடது கை வந்துவிட்டது. வலது கைக்காகச் சுவரில் தோளைச் சாய்த்துத் தேய்த்துப் பார்த்தார், பல்லால் காலரைக் கடித்து இழுத்துப் பார்த்தார். நான் கிட்டே போய்க் கையை நீட்டினேன். ஓர் எட்டு தள்ளி நின்றுகொண்டார், பாதிச் சட்டை முதுகில் தொங்க.