குழலுக்குத் தனி அனுமதி

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் அந்தக் காலத்தில் தமிழர் ஒருவர் டெனிஷ் மொழியில் கடிதம் எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வரவேண்டும். நான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கிலேயே இலங்கையிலிருந்து வந்துவிட்டேன். மொழியும் சுளுவாகப் பிடிபட்டுவிட்டது. பொலிஸ், ஆஸ்பத்திரி, கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகம் என்று எல்லா இடத்திலும் மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். நித்தியானந்தன் என்ற பெயரை ‘நித்தி அண்ணை’ என்று சுருக்கி, எனக்கு நல்ல மரியாதையும் தந்தார்கள். மொழிபெயர்ப்போடு நின்றிருக்கலாம். கேட்டாலும் கேட்காவிட்டாலும் புத்தி சொல்லும் வியாதி எனக்கு இருந்தது.

குருசுமுத்து மன்னார்க்காரர். இங்கே ஓர் இரும்புப் பட்டறையில் லேத் மெசினில் வேலை. பத்து வார்த்தை பேசும் இடத்தில் இரண்டு பேசுவார். மனைவி லூர்தம்மாவும் மகள் அஜந்தினியும் ஊரில் இருந்தார்கள். எண்பத்தேழு ஐப்பசியில் அவர்களை இங்கே கூப்பிட மனுப் போட்டார். அவருடைய அறைத்தோழர் பேனாட்டும் அதே நாளில் தன் மனைவி கோகிலாவுக்குப் போட்டார். இரண்டு மனுக்களையும் என் வீட்டு மேசையில் வைத்து நான்தான் நிரப்பினேன்.

பதில் வரவில்லை. எந்தத் தமிழனுக்கும் வரவில்லை. மேலிடத்தில் மனுக்களை வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருக்கிறார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொருவரும் தன்னில்தான் ஏதோ பிழை என்று நினைத்துக்கொண்டு திரிந்தோம். ஒருவர் படம் சரியில்லை என்றார். இன்னொருவர் கலியாணப் பதிவில் முத்திரை மங்கலாக இருக்கிறது என்றார்.

எண்பத்தெட்டு மாசியில் பொலிஸ் நிலையத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். போனால் குருசுமுத்து வாங்கில் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கிறார். மேசையில் இருந்த பொருளைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைப்பிடி பிஸ்டலுடையது, முன்னால் வேட்டைத் துவக்கின் நீளத்துக்கு ஒரு குழல். சின்னப் பிள்ளை தகப்பனின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

அது பட்டறையில் அவருக்குப் பக்கத்து லேத்தில் நிற்கும் பிறெபென் என்ற டெனிஷ்காரனுடையது. அவன் துவக்குச் சூட்டுப் பயிற்சிக் கழகத்தில் உறுப்பினன். பிஸ்டலுக்கு முறையான அனுமதி வைத்திருந்தான். குறி இன்னும் துல்லியமாக விழ வேண்டும் என்ற ஆசையில் எங்கிருந்தோ பழைய துவக்குக் குழல் ஒன்றை வாங்கி, அதைப் பொருத்த முனையைக் கடைந்து தரச்சொல்லியிருக்கிறான். இவரும் கடைந்து கொடுத்துவிட்டார். கழகத்தில் யாரோ கண்டு முறையிட்டிருக்கிறார்கள்.

பொலிஸ்காரர் வயதானவர், நிதானமானவர். அளவு நாடாவால் குழலை அளந்து எழுதிவிட்டு, சட்டத்தைப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அனுமதிப் பத்திரம் அந்தப் பிஸ்டலுக்குத்தான். குழலும் ஆயுதத்தின் முக்கிய பாகம் என்பதால் வேறு குழலுக்குத் தனி அனுமதி வேண்டும். துவக்கின் குழலைப் பூட்டிவிட்டால், பத்திரத்தில் எழுதியிருக்கும் ஆயுதமே அது இல்லை. நான் வரிக்கு வரி தமிழில் சொன்னேன்.

“துவக்குக் குழல் எண்டு தெரிஞ்சுதான் செய்தனீரோ எண்டு கேக்கிறார்.”

“ஓம், தெரியும்” என்றார் குருசுமுத்து. “பிறெபென்தான் எனக்கு இந்த வேலை பழக்கினவன். அவன் கேக்க நான் எப்பிடி மாட்டன் எண்டிறது?”

தெரியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று எனக்கு எரிச்சல் வந்தது. பொலிஸ்காரரோ தலையாட்டினார். பொறுப்பு ஆயுதத்தின் சொந்தக்காரனுடையது, இவருக்குப் பெரிதாக ஒன்றும் வராது, சில கிழமைகளில் கடிதம் வரும் என்றார். அதையும் சரியாகவே மொழிபெயர்த்தேன்.

வெளியே வந்து படியில் இறங்கும்போது குருசுமுத்து என்னைப் பிடித்து நிறுத்தினார்.

“தமிழன் எண்டு பேர், துவக்கு எண்டு கேஸ். லூர்தம்மான்ர மனுவை இது கெடுக்குமோ அண்ணை?”

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

“அவங்கள் வாயால சொல்லுறதை நம்பாதையும்” என்றேன். “இந்தக் கேஸ் பைலும் உம்மட மனுவும் ஒரே மேசைக்குப் போனா அவ்வளவுதான். ஒருக்கா மறுத்தாங்கள் எண்டா பிறகு ஒருநாளும் தரமாட்டாங்கள். இப்ப மனுவைத் திருப்பி எடும். கேஸ் முடியப் புதுசாப் போடுவம்.”

“திருப்பி எடுத்தா பிழையில்லையோ?”

“நான் சொல்லுறன் தானே.”

அன்றைக்கே கடிதத்தைத் தட்டச்சு செய்தேன். ஒரு பிழை இல்லாத டெனிஷ். குருசுமுத்து வாசிக்க முடியாத அந்தத் தாளில், நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார்.

சித்திரையில் பொலிஸ் கடிதம் வந்தது. பிறெபெனுக்குத் தண்டம், ஆயுதம் பறிமுதல். குருசுமுத்துவுக்கு ஓர் எச்சரிக்கை மட்டும், மூன்றே வரி. உடனே மனுப் போடுவோமா என்று கேட்டார். சூடு கொஞ்சம் ஆறட்டும் என்றேன். ஆறட்டும், ஆறட்டும் என்று எண்பத்தொன்பது மாசி வரை இழுத்தடித்து, பிறகுதான் புது மனுவை நிரப்பிக் கொடுத்தேன்.

அதற்குள் காற்று மாறிவிட்டது. கிடப்பில் கிடந்த மனுக்கள் அசையத் தொடங்கின. எங்கள் ஆட்களுக்கு, முதலில் போட்டவருக்கு முதலில் என்று பதில் வந்தது. அந்த ஆவணியில் கோகிலா வந்து இறங்கினாள். பேனாட்டோடு குருசுமுத்துவும் ரயில் நிலையத்துக்குப் போய், அவளுடைய சூட்கேசைத் தூக்கிக்கொண்டு வந்தார். எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். சிரித்தார்கூட.

தொண்ணூறு ஆனியில் ஊரில் மறுபடி சண்டை தொடங்கியது. தண்ணீர் எடுக்கப் போன லூர்தம்மா ஷெல் விழுந்து செத்துப்போனாள். செய்தி ஒரு பாதிரியார் மூலமாக வந்து சேர இரண்டு கிழமை ஆனது. ஆவணியில் தாய்க்கும் மகளுக்கும் அனுமதி கொடுத்துக் கடிதம் வந்தது. அதை வாசித்துக் காட்டியவனும் நான்தான். இரண்டு பெயரையும் வாசித்தேன். குருசுமுத்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மார்கழியில் பதினொரு வயது அஜந்தினி ஒரு கன்னியாஸ்திரியோடு வந்தாள்.

நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப் பயம். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. மருத்துவக் கடிதம், வரிக் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம் என்று வழக்கம்போல என்னிடம் வந்துகொண்டேயிருந்தார். அதனால் அவருக்கு விளங்கவில்லை என்று நம்பினேன். உண்மையைச் சொன்னால், அவருக்கு விளங்காமலே போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

தொண்ணூற்று மூன்று தையில், எங்கள் மனுக்களைக் கிடப்பில் போட்டதை விசாரித்த ‘தமிழர் வழக்கு’ அறிக்கை வெளிவந்தது. டென்மார்க் பிரதமர் பதவி விலகினார். டெனிஷ் பத்திரிகை முழுக்க நாங்கள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு குருசுமுத்து பத்திரிகையோடு வந்தார்.

“இதில துவக்கைப் பற்றி ஏதும் கிடக்கோ அண்ணை?”

நான்கு பக்கத்தையும் வாசித்தேன். சட்டத்தில் இருந்த உரிமையைக் கொடுக்காமல் மனுக்களைத் தடுத்து வைத்தது பற்றித்தான் இருந்தது.

“இல்லை. துவக்கு, கேஸ் ஒண்டும் இல்லை. எல்லாரையும்தான் நிப்பாட்டி வைச்சிருக்கிறாங்கள்.”

“அப்ப என்ர குழல் ஆருக்கும் ஒரு பொருட்டில்லை.”

“இல்லை.”

அவர் மேசையில் கிடந்த பத்திரிகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நான் அந்த முதல் மனுவைத் திருப்பி எடுக்காமல் விட்டிருந்தால்?”

கோகிலா வந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்கு மேலாக நான் பயந்திருந்த கேள்வி. என் மனைவி குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அதை நினைக்க இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

“அதுவும் அப்பிடியே கிடந்திருக்கும்” என்றேன். “ஒண்டும் மாறியிராது குருசு. அது விதி.”

குருசுமுத்து பத்திரிகையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழும்பினார்.

“இதை அஜந்தினி நேற்றே வாசிச்சுச் சொன்னவள். கோகிலா வந்து இறங்கின அண்டே எனக்கு எல்லாம் விளங்கினது அண்ணை. அப்ப உங்களோடை கோவிச்சா என்ர கடிதத்தை ஆர் வாசிக்கிறது? அதுதான் வாயை மூடிக்கொண்டு இருந்தனான்.” கோட்டைப் போட்டார். “நீங்கள் என்ன சொல்லுவியள் எண்டு கேக்கத்தான் இண்டைக்கு வந்தனான். இப்ப டெனிஷ் வாசிக்க எனக்குப் பிள்ளை இருக்கிறாள்.”

வாசலில் குனிந்து சப்பாத்து நாடாவை நிதானமாகக் கட்டினார். மன்னிப்புக் கேட்க அவ்வளவு நேரம் எனக்கு இருந்தது.