பிரஷ்ஷில் இருந்தது யாருடைய முடி

1

இந்தக் கதை ஒரு தலைமுடி பிரஷ்ஷிலிருந்து பிறந்தது. பேட்டிகளில் வேறு ஏதாவது பெரிதாகச் சொல்லிக்கொள்வேன். உண்மை இதுதான்.

முதல் வரி: 'அவன் தன் மனைவியை மிகவும் நேசித்தான். அதனால்தான் தினமும் அவளுடைய பிரஷ்ஷை…'

(வேண்டாம். முதல் வரியிலேயே பொய் பல்லிளிக்கிறது.)

2

கணவன் எழுத்தாளன். தோள்வரை முடி. பின்னட்டைப் படத்தில் முகத்தைவிட முடிக்கே இடம் அதிகம். மனைவிக்கும் தோள்வரைதான். வீட்டில் இருப்பது ஒரே பிரஷ், அவளுடையது. தனக்குச் சீப்பு போதும் என்று கணவன் சொல்லிக்கொள்வான்.

அவள் குளிக்கப் போனதும் அந்த பிரஷ்ஷால் பத்து நிமிடம் வாருவான். பிறகு சீப்பின் வாலால் முடியைக் கிளறி எடுத்து, காகிதத்தில் சுருட்டி எறிவான். ஞாயிற்றுக்கிழமைகளில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பு கரைத்து, பழைய பல் பிரஷ்ஷால் இடுக்கெல்லாம் தேய்த்து, முட்கள் கீழே பார்க்கத் துண்டின் மேல் கவிழ்த்து வைப்பான்.

(இவ்வளவு அக்கறையாக எந்த நாவலையும் அவன் திருத்தியதில்லை.)

3

பிறகு, அவனுக்கு ஒரு விருது வரப்போவதாக வதந்தி. ஒரு வாரம் தலை வாரிக்கொண்டே கண்ணாடி முன் ஏற்புரை பழகியதில் பிரஷ்ஷைச் சுத்தம் செய்ய மறந்துவிட்டான்.

"ஏங்க, இதைப் பாருங்க. ஒரு கைப்பிடி முடி!"

எனக்கு வியர்த்தது. (அவனுக்கு. சரி, இருக்கட்டும்.)

"என் முடி கொட்டுறது எனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் இத்தனை நாளா எடுத்து எடுத்துப் போட்டீங்களா? நீங்க இதைக் கழுவுறப்ப, என்ன பைத்தியக்கார வேலைன்னு சிரிச்சிருக்கேனே!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

"இப்படிக் கொட்டுறதை என்னால பார்த்துட்டிருக்க முடியாது. ஆறு மணிக்கு பார்லர்ல சொல்லிட்டேன். ஒட்ட வெட்டிடப் போறேன்."

அவளுக்கு அந்த முடி மேல் உயிர். நாற்காலியில் உட்கார்ந்து அழப்போகிறாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

4

முடிவு அ: கணவன் உண்மையைச் சொல்கிறான். (யாரும் நம்பமாட்டார்கள். இந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும்.)

முடிவு ஆ: அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்க்கிறாள். வேரில் அரை அங்குலம் வெள்ளை, மீதி சாயக் கறுப்பு. அவள் சாயமே அடிப்பதில்லை. (கண்ணாடியை எங்கே வைத்தாள்?)

முடிவு இ: ஒட்ட வெட்டிக்கொண்டு வருகிறாள். மறுநாள் காலை பிரஷ்ஷில் தோள்நீள முடி. அதற்குப் பிறகு நான்…

5

மணி ஐந்தே முக்கால். அவள் செருப்பைத் தேடுகிறாள். செருப்பு என் மேசைக்கடியில். ஒளித்து வைக்கிற அளவுக்குத்தான் எனக்கு வீரம்.

என் கதைகளையெல்லாம் முதலில் படிப்பவள் அவள்தான்.

"முடிச்சிட்டீங்களா? குடுங்க, பார்லர்ல உட்கார்ந்து படிக்கிறேன்."

அன்புள்ள வாசகரே, என் முதல் வாசகியே, இங்கேயே உட்கார்ந்து படி. அது என் முடி. செருப்பு மேசைக்கடியில் இருக்கிறது. இதற்கு மேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை. மிச்சத்தை நீயே எழுது.